பருமனான நோயாளிக்குக் கடும் நிமோனியா: உயரத்தை அளவிடுங்கள், மூளையையும் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சல் வார்டுகள் நிரம்புவதும், வந்தவர்களில் சிலருக்கு நிமோனியா முற்றி ஐ.சி.யூ.வுக்குப் போவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு?" மருத்துவரும் செவிலியரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறோம். "தெளிவா இருக்காரா? பேச்சு ஒழுங்கா வருதா?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை. படுத்திருப்பவர் உடல் பருமன் உள்ளவர் என்றால் இந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கேட்டாக வேண்டும். அதற்கான காரணங்களையும், செய்ய வேண்டியவற்றையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பருமன் என்றால் கூட்டத்தில் தனியாகத் தெரியும் ஆளைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். 155 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ள பெண்ணை நம் வீடுகளில் "பூசினாப்போல இருக்காங்க" என்றுதான் சொல்வார்கள். அவருடைய பி.எம்.ஐ. (கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30. இந்தியர்களுக்கு 23 தொட்டாலே எடை மிகுதி, 25 தொட்டால் பருமன். நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் அதிகம் சேர்வதால்தான் இந்த வரம்பு மற்ற நாட்டவருக்கு இருப்பதைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். ஆகவே ஐந்தில் இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறோம்.

இவர்களுக்கு நுரையீரல் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பது 2009-ல் பரவிய பன்றிக் காய்ச்சலிலேயே தெளிவானது. கொரோனாவில் அதை ஊரே பார்த்தது. காரணம் எளிது. வயிற்றுக் கொழுப்பு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது; மல்லாந்து படுத்தால் இன்னும் மேலே ஏறுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று தங்கி நிற்கும். மூச்சு தடைப்படும்போது உடலுக்குக் கைகொடுக்கும் இருப்பு அதுதான். பருமனானவருக்கு அந்த இருப்பு ஏற்கெனவே குறைவு. நுரையீரலின் அடிப்பகுதிச் சிற்றறைகள் படுத்த மாத்திரத்தில் மூடிக்கொள்ளும். அதன்மேல் நிமோனியாவின் சளியும் நீரும் சேர்ந்தால் ரத்த ஆக்சிஜன் மளமளவென்று சரியும். தொண்டையில் குழாய் போடும் நேரத்தில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். நன்றாக ஆக்சிஜன் கொடுத்துத் தயார்படுத்திய ஆரோக்கியமான, ஒல்லியான ஒருவருக்கு மூச்சு நின்றபின் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்கு இறங்கச் சுமார் 8 நிமிடம் ஆகும். மிகுந்த பருமன் உள்ளவருக்கு 3 நிமிடம்கூட ஆகாது. அவர் நிமோனியா நோயாளியும் என்றால் அந்த அவகாசமும் கிடையாது.

மூளை உடல் எடையில் வெறும் 2 விழுக்காடு. உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதிலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஆக்சிஜன் குறைவை எளிதில் தாங்காது. கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-ல் வெளிவந்தது. நினைவும் சிந்தனையும் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக் காலத்தில் ரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அழுத்தம் (விரலில் பார்க்கும் விழுக்காடு அல்ல) நடுமதிப்பாக 71 மி.மீ. பாதரசம். பாதிக்கப்படாதவர்களுக்கு 86. ஐ.சி.யூ. வழக்கத்தில் 71 என்பதும் "போதும்" என்று விட்டுவிடக்கூடிய எண்தான். இந்த ஒரு ஆய்வை வைத்து எல்லோருக்கும் ஆக்சிஜனை ஏற்றிவிட முடியாது, மிகையான ஆக்சிஜனும் தீங்குதான். ஆனால் விளிம்பிலேயே நாள்கணக்கில் நிறுத்திவைப்பதை மூளை மறப்பதில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூளைக்கு வரும் இன்னொரு கேடு அழற்சி. வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் அழற்சிப் பொருள்களைச் சிறிதளவு ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. கடும் தொற்று வரும்போது அது பல மடங்காகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு தளர்கிறது, மூளையின் காவல் செல்கள் கிளர்ந்தெழுகின்றன, நரம்புச் செல்களுக்கு இடையிலான தொடர்பு குலைகிறது. பருமனோடு வரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை முன்பே பலவீனப்படுத்தி வைத்திருக்கும். நடுத்தர வயதுப் பருமன் பிற்கால மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்ட லான்செட் மருத்துவக் குழுவும் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட மூளை மீதுதான் நிமோனியாவும் வந்து விழுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களை ஆராய்ந்த பல ஆய்வுகளில் பருமனானவர்களின் இறப்பு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை, சிலவற்றில் குறைவாகவே இருந்தது. "இந்த உடம்புக்கு எங்கே பிழைக்கப்போறார்" என்று கைவிடுவது அறிவியல்படியும் தவறு, மனிதத்தன்மையும் அல்ல. அவர்கள் பிழைக்கிறார்கள். அதனால்தான் பிழைத்தபின் அவர்களின் மூளை எப்படி இருக்கும் என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

பிழைத்தவர்களின் நிலையை 2013-ல் வந்த பிரெய்ன்-ஐ.சி.யூ. ஆய்வு காட்டுகிறது. மூச்சுச் செயலிழப்பாலோ, ரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலையாலோ ஐ.சி.யூ.வில் சேர்ந்த 821 பேரில் 74 விழுக்காட்டினருக்கு டெலிரியம் என்ற மூளைத் தடுமாற்றம் வந்தது. ஓராண்டு கழித்தும் 34 விழுக்காட்டினரின் சிந்தனைத் திறன் நடுத்தரத் தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது, 24 விழுக்காட்டினருக்குத் தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளின் அளவுக்கு இறங்கியிருந்தது. முதியவர்களுக்கு மட்டுமல்ல, இளையவர்களுக்கும். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் கூடியது.

டெலிரியம் என்பது கடும் நோயின்போது மூளை திடீரென்று செயல் தடுமாறுவது. வீட்டில் "பிதற்றுறார்", "யாரையோ பார்த்துப் பேசுறார்", "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்றெல்லாம் சொல்வார்கள். குழாயைப் பிடுங்கி, கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கும் நோயாளியை எல்லோரும் கவனிக்கிறார்கள். கண்ணை மூடி, கூப்பிட்டால் மட்டும் அரைகுறையாகத் திறந்து, அப்படியே கிடப்பவருக்கு வந்திருப்பதும் டெலிரியம்தான். "நல்லாத் தூங்குறார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவரை விட்டுவிடுகிறோம். பருமனானவரிடம் இந்த அமைதியான வகை எளிதில் தப்பிவிடும், ஏனெனில் "அவருக்கு எப்பவுமே தூக்கம் அதிகம்" என்று குடும்பமே சொல்லும்.

கண்டுபிடிப்பதற்கு ஸ்கேன் தேவையில்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எண்களை மெதுவாக, எண்ணுக்கு எண் மூன்று விநாடி விட்டுச் சொல்ல வேண்டும். நடுவே நான்கு முறை "ஒன்று" வரட்டும். "ஒன்று என்று சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்க" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தில் விட்டதும், வேண்டாத இடத்தில் அழுத்தியதும் சேர்ந்து இரண்டு தவறுக்கு மேல் போனால் கவனம் குலைந்திருக்கிறது என்று பொருள். ஐ.சி.யூ.க்களில் இதற்கு ஆங்கில எழுத்துகளை வாசிக்கும் பழக்கம் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத அம்மாவிடம் அதை வாசித்துவிட்டு "ஃபெயில்" என்று எழுதுவது நியாயமில்லை. கவனக் குலைவோடு நேற்று இருந்ததற்கும் இன்றைக்கும் திடீர் மாற்றமும் இருந்து, கூடவே விழிப்பு நிலையில் மாறுபாடோ தாறுமாறான சிந்தனையோ இருந்தால் அது டெலிரியம். முழுப் பரிசோதனைக்கும் இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாடி, ரத்த அழுத்தம் எழுதும் அதே சார்ட்டில் இதையும் எழுத வேண்டும்.

அடுத்து, எங்கே தவறு நடக்கிறது என்பதற்கு வருகிறோம். முதல் தவறு எடையில். வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பது நோயாளியின் உயரத்தைப் பொறுத்தது. ஒருவர் எவ்வளவு பருத்தாலும் நுரையீரல் வளர்வதில்லை. கணக்கு இதுதான்: உயரத்தில் 152.4 செ.மீ.யைக் கழித்து 0.91-ஆல் பெருக்கி, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5 கூட்ட வேண்டும். வரும் கிலோவுக்கு 6 மி.லி. வீதம் காற்று. 155 செ.மீ. உயரம், 95 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கில் வருவது ஏறத்தாழ 48 கிலோ, மூச்சுக்கு 288 மி.லி. உண்மையான எடையை வைத்துக் கணக்கிட்டால் 570 மி.லி. கிட்டத்தட்ட இரு மடங்கு. நிமோனியாவில் பாதி மூடிக்கிடக்கும் நுரையீரலுக்குள் அவ்வளவு காற்றை அழுத்தித் தள்ளினால் திறந்திருக்கும் சிற்றறைகள் கிழியும். அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், மூளை என்று எல்லா உறுப்புகளுக்கும் போகும். அளவான காற்று இறப்பை 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைத்தது என்பது 2000-ஆம் ஆண்டே நிறுவப்பட்டது. ஆனாலும் உயரத்தை அளக்காமல் கண்ணளவில் ஒரு எண்ணைப் போடும் பழக்கம் போகவில்லை. தையற்கடை டேப் ஒன்று போதும். படுக்கையை மட்டமாக்க முடியாத நோயாளிக்கு முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்தாலே உயரத்தைக் கணக்கிட அட்டவணை இருக்கிறது.

இரண்டாவது தவறு மயக்க மருந்தில் நடக்கிறது. மூளைக்கு மிக அதிகக் கெடுதல் செய்வதும், மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. மிடாசோலம் என்ற மயக்க மருந்து கொழுப்பில் கரையக்கூடியது. சாதாரணமாக ரத்தத்தில் அதன் அளவு பாதியாக 2 முதல் 3 மணி நேரம் ஆகும் என்றால், பருமனானவரிடம் 8 மணி நேரத்தையும் எட்டும். நாள்கணக்கில் சொட்டு சொட்டாக ஏற்றும்போது கொழுப்புத் திசு அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நிறுத்திய பிறகு அங்கிருந்து மெல்ல மெல்லக் கசிகிறது. சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் இன்னும் மோசம். "மருந்தை நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு, கண்ணே திறக்கலை" என்று குடும்பம் பதறும். தலை ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. எடை கூடுதல் என்பதால் டோஸையும் எடைக்கேற்ப ஏற்றி, சார்ட்டில் மாற்றாமல் விட்டதன் விளைவு அது. 14 நாடுகளின் 69 ஐ.சி.யூ.க்களில் 2,088 கொரோனா நோயாளிகளைப் பார்த்து 2021-ல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்தைத் தொடர்ந்து ஏற்றியவர்களுக்கு மறுநாள் டெலிரியம் வரும் வாய்ப்பு 59 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

செய்ய வேண்டியது என்ன? முதலில் வலிக்கு மருந்து, பிறகும் தேவைப்பட்டால் மட்டும் லேசான மயக்கம். அதற்கு மிடாசோலத்தைவிடப் புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மயக்க மருந்து பெரும்பாலும் மேல். கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கும் அளவே இலக்கு; குப்புறப் படுக்கவைத்துத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கும் கட்டத்துக்கு மட்டும் ஆழ்ந்த மயக்கம் தேவை. ஒவ்வொரு நாள் காலையும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைத்து, அதோடு தானாக மூச்சு விடுகிறாரா என்றும் சோதிக்க வேண்டும். 336 பேரை வைத்து 2008-ல் செய்த ஆய்வில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சராசரியாக 3 நாள் முன்னதாக விடுபட்டார்கள். ஓராண்டு இறப்பும் குறைந்தது. இன்னொன்று: டெலிரியம் வந்தபின் ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். 566 பேரை வைத்து 2018-ல் நடந்த ஆய்வில் அது டெலிரியத்தின் நாள்களைக் குறைக்கவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குக் கொந்தளிப்பவருக்குச் சிறிது நேரம் உதவும், அவ்வளவுதான்.

குடும்பத்தார் உள்ளே வருவது மருந்துக்குச் சமம். மேலே சொன்ன 2021 கொரோனா ஆய்வில், குடும்பத்தார் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்த்துப் பேசிய நோயாளிகளுக்கு டெலிரியம் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவு. மாலை அரைமணி நேரம் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போவது போதாது. ஒருவர், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பகலில் இரண்டு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், ஏன் குழாய் போட்டிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் கொண்டுவாருங்கள். கண்ணாடியில்லாமல் மங்கலாகத் தெரியும் உலகத்தில் எவருக்கும் குழப்பம் வரும். எதிரே தெரியும்படி சுவர்க் கடிகாரமும் தினசரி நாட்காட்டியும் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். விடிகாலை 4 மணி ரத்தப் பரிசோதனையையும் உடம்பு துடைப்பதையும் காலை 6-க்குத் தள்ளிவைத்தால் எந்தச் சிகிச்சையும் கெட்டுவிடாது.

கட்டிலை விட்டு எழவைப்பதில் பருமனானவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி பெரிது. 60 கிலோ நோயாளியை இரண்டு பேர் உட்காரவைத்துவிடலாம். 110 கிலோ நோயாளிக்கு நான்கு பேர், அகலமான கட்டில், தூக்கும் கருவி எல்லாம் வேண்டும். ஆள் இல்லை என்பதால் அவர் படுத்தே கிடக்கிறார். தசை கரைகிறது, நுரையீரலின் அடிப்பகுதி திறப்பதில்லை, மூளைக்கும் வேலையில்லை. சிகாகோவில் 200 நோயாளிகளை வைத்து நடந்து 2023-ல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டர் போட்ட முதல் 96 மணி நேரத்துக்குள் பிசியோதெரபி தொடங்கியவர்களில் ஓராண்டு கழித்து 24 விழுக்காட்டினருக்குத்தான் சிந்தனைத் திறன் குறைபாடு இருந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 43 விழுக்காடு. நுரையீரல் நோயாளிக்குக் கை கால் அசைத்து, உட்காரவைத்து, நடக்கவைத்ததால் மூளை காக்கப்பட்டிருக்கிறது. இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேறென்ன வேண்டும்?

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தடித்த விரல், குளிர்ந்த கை, நகப்பூச்சு ஆகியவை அதன் எண்ணைக் கெடுக்கும். கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பது 2020-ல் அமெரிக்காவில் உறுதியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு. நம் தோலின் நிறத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எண் 93 என்று காட்டினாலும் நோயாளி மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ தமனி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மிகுந்த பருமனும் பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ள சிலருக்கு நோய் வருவதற்கு முன்பே கரியமில வாயு ரத்தத்தில் தேங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு 100 காட்டட்டும் என்று ஆக்சிஜனை முழு வேகத்தில் திறந்துவிட்டால் அது மேலும் தேங்கி, தலைவலி, கைநடுக்கம், அரைமயக்கம் என்று மூளையைக் கவிழ்க்கும். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92. அதற்குமேல் தேவை என்றால் அழுத்தத்தோடு காற்று தரும் பைபாப் கருவி. ஆகவே, "ராத்திரி குறட்டை விடுவாரா, நடுவே மூச்சு நிற்குமா?" என்பதைச் சேர்க்கும்போதே வீட்டாரிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி போடுகிறவர் என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். குழாய் போடும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகக்கூடும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் 2021 தந்த பாடத்தை மறக்கக் கூடாது. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். உயிர்காத்தது இந்த அளவுதான். உடம்பு பெரிது என்று இரண்டு மூன்று மடங்கு கொடுத்ததும், வாரக்கணக்கில் நீட்டியதும் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி, கறுப்புப் பூஞ்சைக்கு வழி திறந்தது. அது மூக்கிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் ஏறும் நோய். ஸ்டீராய்டு உறக்கத்தையும் கெடுக்கும், ஆகவே காலையில் கொடுப்பது நல்லது. சர்க்கரையை 140 முதல் 180-க்குள் வைத்தால் போதும். 100-க்குக் கீழே இறக்கப் பார்ப்பது தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும், மூளைக்கு அதுவும் பேரிழப்பு. இறுக்கமான கட்டுப்பாட்டில் இறப்பே கூடியது என்று 2009-லேயே தெரிந்துவிட்டது.

"இதுதான் சாக்கு, நாலு கிலோ குறையட்டும்" என்று ஐ.சி.யூ.வில் சாப்பாட்டைக் குறைப்பது பெரும் பிழை. அங்கே கரைவது கொழுப்பைவிடத் தசைதான். பருமனானவருக்கு மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும். உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்றால் 50 கிலோ கணக்குக்கு நாளுக்கு 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அரிசிக் கஞ்சியும் இளநீரும் குழாய் வழியே ஊற்றி இதை எட்டவே முடியாது. உணவியல் நிபுணர் எழுதித் தரும் புரதப் பொடி, முட்டை வெள்ளைக்கரு, பால் ஆகியவை வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அளவு வேறு.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வேண்டியது இன்னொரு உலகம். மனிதர் நடமாடுகிறார், சாப்பிடுகிறார், "பிழைச்சு வந்துட்டார்" என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தியாயிற்று. ஆனால் அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார். சில்லறையை எண்ணித் தர முடியவில்லை. சொன்னதையே சொல்கிறார், பழகிய பஸ் வழி குழம்புகிறது. எரிச்சல் கூடியிருக்கிறது. குடும்பம் அதை "சோம்பேறித்தனம்", "வயசாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறது. 45 வயதுக்காரருக்கு வயதாகவில்லை, மூளைக்கு அடிபட்டிருக்கிறது. மிக ஆபத்தானது இன்சுலின். போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது முறை போட்டுக்கொள்வார். முதல் மூன்று மாதமாவது ஊசியும் மாத்திரையும் இன்னொருவர் கையில் இருக்கட்டும், கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். வண்டி ஓட்டுவதை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

வீடு திரும்பிய 2 முதல் 4 வாரத்துக்குள் நினைவுத்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். மோகா என்ற பத்து நிமிடப் பரிசோதனை தமிழிலும் இருக்கிறது. படிப்புக்கு ஏற்பத் திருத்தி மதிப்பிட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் மறுபடி. கூடவே, சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும்: தைராய்டு, வைட்டமின் பி12, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சுத் தடை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், அதைச் சோதிக்காமல் மறதிநோய் என்று முத்திரை குத்தக் கூடாது. எடைக்குறைப்பைத் தசை மீண்டபின் தொடங்கலாம். பட்டினி வேண்டாம், ஆறு மாதத்தில் 5 முதல் 10 விழுக்காடு போதும். மழைக்கு முன்பே இன்ஃபுளுயன்சா தடுப்பூசி, மருத்துவர் ஆலோசனைப்படி நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். பருமனானவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் சற்றுக் குறைவு என்பதால் ஆண்டுதோறும் தவறவிடாமல் போடுவது இன்னும் அவசியம்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் சில. ஒவ்வொரு ஐ.சி.யூ. கட்டிலிலும் ஒரு அளவு டேப் தொங்கட்டும், உயரமும் அதிலிருந்து கணக்கிட்ட எடையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு அகலக் கட்டிலும் நோயாளியைத் தூக்கும் கருவியும் தேவை. ஐ.சி.யூ.வுக்கென்றே முழுநேர பிசியோதெரபிஸ்ட் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வருகிறார்கள், பிசியோதெரபியும் தருகிறார்கள். ஐ.சி.யூ.வில் இருந்து திரும்பியவர்களின் பட்டியலை அவர்களிடம் கொடுத்து, நினைவுத்திறன் பரிசோதனையையும் சேர்த்துப் பழக்கினால் பெரிய செலவில்லாமல் முடியும்.

கடைசியாக டிஸ்சார்ஜ் சம்மரி. எக்ஸ்ரே, ரத்த அறிக்கை, ஆன்டிபயாடிக் பெயர்கள் என்று பக்கம் பக்கமாக அச்சாகும் அதில் நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்கக் கேட்கிறோம்: வென்டிலேட்டரில் எத்தனை நாள், டெலிரியம் எத்தனை நாள், எந்த மயக்க மருந்து எத்தனை நாள், நினைவுத்திறன் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி. நான்காவது வரியைத் தமிழில் எழுதுங்கள். அந்தத் தேதியில் நோயாளியை அழைத்துவரப் போகிறவர் அவருடைய மனைவியோ மகனோதான். அவர்களால் படிக்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
மதுரை.